பொட்டுக்கு அடியில் இருந்த எண்

ஆயுத பூஜை வந்தால் என் மனைவிக்குக் கை நிற்காது. கார், கேமரா, தையல் மெஷின், ரைஸ் குக்கர், வாசல் கேட்டின் பூட்டு வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவாள். நான் பெரிய டிரோன் வாங்கிய வருஷம் அதற்கும் வைத்தாள். மேலே முழுக்க இறக்கையும் மோட்டாருமாக இருந்ததால் அதைக் கவிழ்த்து, வயிற்றில் வழவழப்பாக இருந்த வெள்ளி ஸ்டிக்கரின் மேல் மோதிர விரலை அழுத்தினாள். அரசாங்கம் ஒப்புக்கொண்ட கருவி என்று சொல்லும் எண் அந்த ஸ்டிக்கரில்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பூஜை நாளில் அவளிடம் யார் வாய் கொடுப்பது?

பொம்மை டிரோன் என்றால் இவ்வளவு பாடு இல்லை. என்னுடையது எடை கூடியது, தொழிலுக்கானது. பறக்க ஓர் அனுமதி, மேலிருந்து படம் எடுக்க ஓர் அனுமதி, சிக்னல் கருவிக்கு ஒரு சான்று. இந்த ஆபீஸ் அந்த ஆபீஸின் கடிதத்தைக் கேட்கும், அந்த ஆபீஸ் இதன் கடிதத்தைக் கேட்கும். நான் எரிந்து விழுவேன். மலாக்கா பக்கம் அலோர் காஜாவில் ஒரு வக்கீல் ஆபீஸில் கிராணியாகக் கடிதமும் கணக்கும் பார்த்த அவள், எல்லாவற்றையும் துளை போட்டு ஃபைலில் கோர்ப்பாள்.

பறக்க விடும்போதும் இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. ஓட்டுபவன் திரையைப் பார்க்க, இன்னொருவர் வானத்தில் டிரோனைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். செலண்டார் பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு வருஷா வருஷம் படம் எடுத்துக் கொடுத்தேன், எங்கெங்கே மரம் பட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க. கல்யாணப் படம் எடுக்கும் வேலை வரும், போகும். இதுதான் நிலையான பிழைப்பு. அங்கே அவள் குடையோடு நிற்பாள். "நீங்க படத்தப் பாருங்க, நான் அதப் பாத்துக்கிறேன்" என்பாள்.

போன வருஷம் அவள் போய்விட்டாள். நோய் தெரிந்து நாலு மாதம்கூட இல்லை. ஒரு டம்ளர் அரிசி போட்டாலும் சோறு மிஞ்சுகிறது. மகள் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டுச் சாப்பிட்டாச்சா என்று கேட்பாள், ஆச்சு என்பேன். சாயங்காலம் கார் முடுக்கில் திரும்பும்போது இன்னும் ஹார்ன் அடித்துவிடுகிறேன். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு அவள் வந்து கேட்டைத் திறப்பாள்.

டிரோனின் சிக்னல் சான்றைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. மலாக்கா டவுன் ஆபீஸில் மலாய்க்காரத் தம்பி ஒருவர் டிரோனைப் புரட்டிப் பார்த்தார். பொட்டு நம்பரை மறைப்பதாகச் சொல்லி ஈரத் தாளை நீட்டினார். வீட்டில் துடைத்துக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று வாரம் துடைக்கவில்லை. காய்ந்த சந்தனத்தில் அவள் விரல் ரேகை தெரியும். தெரிவதாக நான் நினைத்துக்கொண்டேனோ என்னவோ. வானத்தைப் பார்க்கக் கூலிக்கு ஆள் கிடைக்கும், இது கிடைக்காது. ஊரான் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் அழகாகப் பிடித்தவனுக்கு, அந்தப் பொட்டை எத்தனை லென்ஸ் மாற்றிப் பிடித்தும் படத்தில் வெறும் கறைதான் வந்தது. இதற்குள் தோட்டத்து மேனேஜர், மாதக் கடைசிக்குள் பேப்பர் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தேன். பொட்டு பஞ்சோடு வந்தது. அதோடு எண்ணும் அழிந்துவிட்டது. வெறும் வெள்ளித் தாள் பளபளத்தது. இரண்டும் போச்சு. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் ஆபீஸில் அந்தத் தம்பி வெகுநேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். எண் ஃபைலில் இருந்தாலும் கருவியின் மேல் இல்லாவிட்டால் புதுக் கருவியாகத்தான் பதிய வேண்டும், செய்த கம்பெனியின் கடிதம் வேண்டும், இந்த மாடலையோ அவர்கள் நிறுத்திவிட்டார்கள் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஸ்டிக்கர் மேல் அந்தப் பொட்டை வைத்தது யார் என்று மலாயில் கேட்டார். என் மனைவி என்றேன். அவர் முகம் தெளிந்தது.

"அப்படின்னா ஒரு வழி இருக்கு, அங்கிள். ஆண்ட்டியையே ஒரு சத்தியக் கடிதம் எழுதச் சொல்லுங்க, நான்தான் தெரியாம வச்சேன், அதுலதான் நம்பர் அழிஞ்சுதுன்னு. பழைய பதிவையே புதுப்பிச்சிடலாம். கையெழுத்து ஒண்ணு போதும் லா."

நல்ல பிள்ளை. உதவிவிட்ட சந்தோஷத்தில் இருந்தார்.

"சரி தம்பி, சொல்றேன்" என்றேன்.

டிரோன் பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். டுரியான் துங்கால் வரும்வரை, வீட்டில் கையெழுத்துப் போட ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பில்தான் ஓட்டினேன். எப்படி எழுத வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும், மலாய் அவளுக்கு நன்றாக வரும் என்றுகூட யோசித்தேன். முடுக்கில் திரும்பி ஹார்ன் அடித்தேன். பிறகு நானே இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்தேன்.