கார்ட்டூன் அப்பா

மேடவாக்கம் சிக்னலில் பாதி உயிர் போய்த்தான் தினமும் வீடு வருவேன். சட்டையைக் கழற்றுவதற்குள் கார்ட்டூன் சண்டை தொடங்கிவிடும். பல் தேய்ப்பது, பள்ளிக்குக் கிளம்ப அடம்பிடிப்பது என்று ஒரு நாலு வயதுப் பிள்ளையின் அன்றாடம்தான் அந்தக் கார்ட்டூனில் கதை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மகள் எதிர்த்துப் பேசுகிறாள் என்பாள் மனைவி. அவள் ஆசிரியை, சொன்னால் சொன்னதுதான். அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"அதுல வர்ற அப்பா எவ்ளோ பொறுமையா இருக்காரு! நல்லதைத்தானே கத்துக்கறா?" என்று சோபாவில் சாய்ந்தபடியே கத்தினேன்.

மனைவி மகளிடம் கேட்டாள்: "அந்தக் கார்ட்டூன்ல அப்பா என்னடி பண்ணுவாரு?"

"பாப்பா கூட விளையாடுவாரு."

"நம்ம அப்பா?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே மகள் சொன்னாள்: "கார்ட்டூன் போட்டுக் குடுப்பாரு."