ஆயுள் கெட்டியான குடும்பம்

சென்ற வாரம் என் குருதியைச் சிறு குழாயொன்றில் எடுத்துக்கொண்டார்கள். நோயேதும் இல்லை, நோயில்லாததுதான் காரணம்! எண்பதைக் கடந்தும் பிறர் துணையின்றி நடமாடுவோர் உடலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கண்டறிந்துவிட்டால், மாந்தர் அனைவரையும் நூற்றிருபது ஆண்டு வாழவைத்துவிடலாமாம். அந்த ஆய்வுக்குழு ஏழாயிரம்பண்ணையில் முகாமிட்டிருந்தது. விருதுநகரிலிருந்து என்னை மகிழுந்தில் அழைத்துச் சென்றார்கள். பெருமிதத்தோடுதான் போனேன்.

சமுதாயக் கூடத்தில் எனக்கு அடுத்த நாற்காலியில் மாடசாமி. தொண்ணூறு கடந்தவர். அருகே மகள் பாக்கியம் - பட்டாசு ஆலையில் பெட்டி ஒட்டுபவர்.

"இத்தனை வயசுலயும் திடமா இருக்கீங்களே, என்ன ரகசியம் ஐயா?" என்று மாடசாமியிடம் கேட்டார் இளம் ஆய்வாளர்.

"ரகசியம் என்ன ரகசியம்... ஆடு மேச்சேன். பட்டாசுக் கம்பெனிக்குப் போகலை."

கூடமே சிரித்தது. ஆய்வாளர் பாக்கியத்தின் பக்கம் திரும்பினார். உடன்பிறந்தோர் உண்டா?

"ஒரே தம்பி. மருந்து ரூம்ல இருந்தான். வெடிச்சதுல போயிட்டான் சார்."

"அதைச் சேர்க்க வேண்டாம்மா. விபத்து இயற்கையான சாவு இல்லை. அதை ஒதுக்கிட்டுப் பார்த்தா, உங்களுது ஆயுசு கெட்டியான குடும்பம்."

ஒதுக்கிவிட்டுப் பார்ப்பதா? எத்துணை எளிதாகச் சொல்லிவிட்டார்! வெடிமருந்து கலக்கும் அறையில் ஒரு சிறு உராய்வு போதும், கூரையே எஞ்சாது. அது எங்கோ என்றோ ஒருமுறை நிகழ்வதா? ஆண்டுதோறும் நிகழ்வதற்கு விபத்து என்றா பெயர்? மூப்பையே நோயென அறிவித்து அதனை வென்றே தீருவோம் என்று சூளுரைக்கும் அறிவு, இந்தச் சாவை மட்டும் ஆய்வுக்கு அப்பாற்பட்டது என்று தள்ளிவைக்கிறது. தன் முதுமைக்கு அஞ்சுகிறவனுக்கு அடுத்தவன் இளமை கண்ணில் படுவதில்லை போலும்.

பாக்கியம் மெல்லக் கேட்டார்.

"அப்ப... என் தம்பி இருந்திருந்தா எங்க அய்யா வயசு வரைக்கும் இருந்திருப்பானா சார்?"

"வாய்ப்பு அதிகம்மா."

"என் மகனும்?"

"அவரும்தான்."

"அப்ப அதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. அவனும் இப்ப மருந்து ரூம்லதான் கெடக்கான். அம்புட்டு வருசம் ஓட வேண்டிய ஒடம்பு வீணாப் போயிரக் கூடாதுல்ல? போர்மேன்கிட்டக் காட்டி வேற ரூமுக்கு மாத்திக்கிடுதேன்."

ஆய்வாளர் திகைத்தார். "அப்படியெல்லாம் எழுதித் தர எங்களுக்கு அனுமதி இல்லைம்மா" என்றார்.

குருதியை எடுக்க அனுமதி உண்டு. அந்தக் குருதி சிந்தாமலிருக்க ஒரு வரி எழுத அனுமதி இல்லை!

பாக்கியம் என்னைப் பார்த்தார். "அய்யா, நீங்க படிச்சவுக. நீங்களாச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

போனேன். பாக்கியமும் உடனிருக்க, ஆலை வாயிலில் மேற்பார்வையாளர் எனக்கு நாற்காலி போட்டார். நான் கூறியது முழுவதையும் பணிவோடு கேட்டார். மாடசாமியின் வயது, ஆய்வின் முடிவு, ஒரு தாயின் அச்சம் - எதையும் விடாமல் சொன்னேன். அவர் பாக்கியத்திடம் திரும்பிச் சிரித்தார்.

"ஏக்கா, ஆயுசு கெட்டின்னு டாக்டரே சொல்லிட்டாகளா? அப்ப மருந்து ரூமுக்கு ஒன் மகனை விட்டா வேற யாரு தோது? சீசன் நேரம்க்கா... லோடு நிக்குது. பேசாம உள்ள போ."

வாழ்நாளெல்லாம் சொற்களோடு புழங்கியவன் நான். நான் கொண்டுபோன சொல்லே அங்கே அந்தப் பிள்ளைக்கு எதிராகத் திரும்பிவிட்டது. பாக்கியம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டி ஒட்டப் போய்விட்டார். அவருடைய மகன் இன்று காலையும் ஆலை வேனில் ஏறி அதே அறைக்குத்தான் சென்றிருக்கிறான். அவனுக்கு வயது இருபத்தாறு.

நேற்று ஆய்வுக்குழுவினர் தொலைபேசியில் அழைத்தார்கள். என் குருதி மிகச் சிறப்பாக இருக்கிறதாம். இன்னொரு குழாய் வேண்டுமாம்.

"பாக்கியத்தின் தம்பியைச் சேர்த்துக்கொண்டீர்களா?" என்றேன்.

"இல்லைங்க ஐயா, அது..."

அப்படியானால் என்னையும் ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்!