மூங்கில் வாயில் கட்டிய துணி

எனக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. அரியலூரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் ஓட்டு வீடு. என் வீட்டுக்காரருக்குத் தண்டவாள வேலை. யுத்த காலம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, சர்க்கரைக்குத் தட்டுப்பாடு. எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்களுக்கு மட்டும் தட்டுப்பாடே இல்லை.

"குளவி கூடு கட்டுன வூட்டுல புள்ள பொறக்கும். ஒங்க வூட்டுல கட்டலியா?"

கட்டவில்லை. அதற்கு நான் என்ன செய்ய? எரிச்சலாக வரும். ஆனாலும் கொல்லையில் ரீங்காரம் கேட்டால் காது தானாக அந்தப் பக்கம் போகும்.

என் வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "பூச்சி வந்தா புள்ள வருமா? பைத்தியமா ஒனக்கு?" என்று சிரிப்பார். அப்படிச் சிரித்தவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூங்கிலைச் சாண் சாணாக அறுத்து, கத்தையாகக் கட்டி, கொல்லைப்பக்கக் கூரையில் தொங்கவிட்டார். கேட்டதற்கு, "சும்மா கெடந்துச்சு, கட்டுனேன்" என்றார். சும்மா கிடந்த மூங்கிலுக்குள் யாராவது ஈர்க்குச்சி விட்டுத் தூசி தட்டுவார்களா!

வந்தது குளவிகூட இல்லை. தனியாகத் திரியும் சின்னத் தேனீ. துளைக்குள் முட்டை வைத்து மண்ணால் வாயை அடைத்துவிடும். எங்கள் தெருவுக்கு அதுவும் குளவிதான். களிமண்ணில் கட்டினால் ஆண், செம்மண்ணில் கட்டினால் பெண் என்பார்கள். என் மாமியார் ஏரியிலிருந்து களிமண் கொண்டுவந்து, உடைந்த சட்டியில் குழைத்து மூங்கிலுக்குக் கீழே வைத்தார். அது காயாமல் தண்ணீர் தெளிப்பது என் வேலை. அவர் தலை மறைந்ததும் பக்கத்திலேயே ஓர் ஓட்டில் செம்மண்ணும் குழைத்து வைப்பேன். எனக்கு எதுவானாலும் சரி, உயிரோடு இருந்தால் போதும்.

உலையை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வயிற்றில் மஞ்சள் பொடியை அப்பிக்கொண்டு வரும். தலையை விட்டு நுழையும். வெளியே வந்து திரும்பி, பின்பக்கமாக மறுபடி நுழையும். கடைசியில் என் செம்மண்ணையே எடுத்துப்போய்ப் பூசியது. அந்த மாதமே எனக்குத் தூரம் நின்றது. மாமியார் சிவந்த மூங்கில் வாய்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பொண்ணாத்தான் இருக்கட்டுமே" என்றார். அன்றுதான் அவரை எனக்குப் பிடித்தது.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் கூட்டை உடைக்கக் கூடாது, உடைத்தால் பிள்ளைக்கு ஆகாது. வளையல் அடுக்கி என்னைப் பூலாம்பாடிக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிய அன்று என் வீட்டுக்காரரிடம் அதை மட்டும்தான் கேட்டேன். "கூடு ஒடையாம பாத்துக்கங்க."

"போ, போ. நான் பாத்துக்கறேன்."

பெண்தான் பிறந்தாள். பார்க்க வந்த என் வீட்டுக்காரரின் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரலை உருவ மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார்: "அணில் வந்து கூட்டச் சொரண்டுச்சு. ஒன் பழைய பொடவையக் கிழிச்சு மூங்கில் வாயெல்லாம் இறுக்கக் கட்டிட்டேன். இனிமே ஒண்ணும் ஒடையாது."

"நம்பிக்கையே இல்லாத மனுஷர்!" என்று நான் சிரித்தேன். அதற்கப்புறம் வெகுநாள் சிரிக்கவில்லை.

பேர் வைப்பதற்குள் ஜன்னி கண்டு பிள்ளை போய்விட்டாள். அவர் வந்தார், குழி தோண்டினார், மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். கல் மனசு என்று அவரை நினைத்தேன்.

உடம்பு தேறியதும் கரியில் ஓடும் பஸ்ஸில் வெறும் மடியோடு அரியலூர் வந்தேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். மாமியார் என் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விட்டார். நான் கொல்லைக்குப் போனேன். புடவைத் துணி கட்டியது கட்டியபடி இருந்தது. முடிச்சை அவிழ்த்தேன். பொலபொலவென்று காலடியில் கொட்டின, அத்தனையும் செத்த தேனீக்கள்.

மண்ணை அவையே உடைத்துக்கொண்டுதானே வெளியே வர வேண்டும்? எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. உடையக் கூடாது, உடையக் கூடாது என்று கட்டி வைத்தோம். துணியில் சில இடங்களில் நூல் பிரிந்திருந்தது. கடித்துப் பார்த்திருக்கின்றன. எல்லாவற்றையும் முந்தானையில் பொறுக்கி, வாழைக்கு அடியில் புதைத்துவிட்டு, துணியை ஒரு பக்கம் தொங்கும்படி விட்டேன்.

சாயங்காலம் வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிக் கொல்லையைப் பார்த்தார்.

"துணி..."

"காத்துல அவுந்து கெடந்துச்சுங்க. எல்லாம் பறந்துடுச்சு."

"ஒண்ணுகூட சாவலியா?"

"ஒண்ணுகூட இல்ல."

அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "நான் இறுக்கிக் கட்டுனதாலதான் நம்ம புள்ள மூச்சு..." முடிக்க முடியவில்லை. இத்தனை நாளும் அந்தப் பக்கம் போகவே பயந்திருக்கிறார். குழி தோண்டிய அன்று அழாதவர், என் மடியில் முகத்தைப் புதைத்துக் குழந்தைபோல அழுதார்.

"பூச்சிக்கும் புள்ளைக்கும் என்னங்க சம்பந்தம்? பைத்தியமா ஒங்களுக்கு?" என்று அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். என் கையில் வாழையடி மண் இன்னும் ஒட்டியிருந்தது. பாத்துக்கங்க என்று அவரிடம் சொன்னவள் நான்தானே. சம்பந்தமில்லை என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை.