நனையாத ஸ்பீக்கர்கள்

அந்த ஸ்பீக்கர்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலையில் கிரேன் ஆபரேட்டராக இருந்தேன். மாற்றலாகி வடக்கே போன ஒரு மேனேஜர், அவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டு போக முடியாது என்று, இடுப்பு உயரம் இருந்த இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களையும் ஆம்ப்ளிஃபயரையும் மலிவாக எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பக்கத்துத் தெருவில் கல்யாணம் என்று குழாய் ஸ்பீக்கர் கட்டினால்தான் எங்கள் காதில் பாட்டு விழும். நான் திருகினால் பாடுகிற ஒரு பொருள் என் சொந்த அறையில் நிற்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

அதனாலோ என்னவோ, அவற்றைப் பொத்திப் பொத்தி வைத்தேன். கவரைப்பேட்டையில் ஸ்டேஷனுக்குப் பின்னால் கீழ்த்தளத்தில் வாடகை வீடு. பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ரப்பர் கட்டை வைத்து நிறுத்தினேன். யார் காலிலும் மாட்டாதபடி ஒயரைச் சுவரோரமாக ஆணியடித்து ஓட்டினேன். பின்பக்க ஓட்டையில் எலி நுழையாமல் இருக்க வலை வைத்தேன். சவுண்டை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவேன். பெட்டியின் மேல் டம்ளர் வைத்த நண்பன் ஒருவன் அதற்கப்புறம் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவ்வளவு பேசிவிட்டேன்.

கல்யாணமாகி வந்த மனைவிக்கும் முதல் வாரமே பாடம் நடத்தினேன். அவள் ஆர்.கே.பேட்டைக்காரி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். என் அம்மா அப்போது உயிரோடு இல்லை.

"மாமியார் இல்லாத ஊடுன்னு சொல்லித்தான் எங்க ஊட்ல கட்டிக் குடுத்தாங்க. இங்க வந்து பாத்தா ரெண்டு பேர் நின்னுகினு இருக்காங்களே மாமா" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வாயில் அந்தப் பெட்டிகளுக்கு மாமியார் என்றுதான் பெயர். "பெரிய மாமியார் மேல தூசி", "சின்ன மாமியாருக்கு இன்னிக்குத் தொண்டை கட்டியிருக்கு." கிண்டல் செய்தாளே தவிர, என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பழைய பாவாடைத் துணியில் இரண்டுக்கும் உறை தைத்தாள். வீடு துடைக்கும்போது பக்கெட்டை அந்தப் பக்கமே கொண்டுபோக மாட்டாள். முன்பக்கத் துணியை ஈரம் படாத பிரஷ்ஷால்தான் தட்டுவாள். சாயங்காலம் நான் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பாட்டு கேட்போம்.

இரண்டு வருடம் கழித்து அவள் உண்டானாள். நான்காம் மாதம் நடந்தபோது ஒரு பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். தாளம் விழும்போது முதுகு அதிரும்.

"உள்ள கேக்குது மாமா."

"அதுக்குள்ள காது எல்லாம் வந்துடுமா?"

"உனக்கு இன்னா தெரியும்? நான் சொல்றேன், கேக்குது."

கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர்க் குடத்தைக்கூட நான்தான் தூக்கினேன். வேலைக்குப் போகும் முன் எல்லாக் குடத்தையும் நிரப்பி, அவள் குனிய வேண்டாம் என்று மேடை மேல் வைத்துவிட்டுப் போவேன். சிலிண்டரை நகர்த்தவும் விடமாட்டேன். இதையெல்லாம் நல்ல புருஷன் என்று காட்டிக்கொள்வதற்காக எழுதவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அந்த வருடம் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் மதியம் ஷிஃப்ட் முடிந்து ரயிலை விட்டு இறங்கி வந்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஏரி நிரம்பி வழிகிறது என்றார்கள். நான் வீட்டை நெருங்கும்போது தண்ணீர் வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாடியில் இருந்த வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். மாடிப்படியின் மேலே ஒரு சின்ன வராந்தா இருந்தது. மழை படாத இடம்.

அவள் அரிசி டப்பாவையும் துணிகளையும் ஏற்கெனவே கட்டில் மேல் ஏற்றி வைத்திருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்பீக்கர்களிடம் போனேன். முதல் பெட்டியைக் கட்டியணைத்துத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டேன். இரண்டாவதைத் தூக்கி நான்கு படி ஏறியதும் ஈரக் கை வழுக்கியது. பெட்டி சரிந்தது. தொடையை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். கீழே ஆறு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே படியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கியிருக்கலாம். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தூக்கியிருக்கலாம். இதை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அரை நிமிடம் போதும்.

"ஏம்மா, ஒரு கை புடி, வழுக்குது!" என்று கத்தினேன்.

அவள் ஓடி வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியின் அடிப்பக்கத்தைப் பிடித்தாள். நான் மேலிருந்து இழுக்க, அவள் கீழிருந்து தாங்க, மீதி எட்டுப் படி. மேலே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சிரைத்துக்கொண்டே சிரித்தாள்.

"ரெண்டு மாமியாரும் மாடி ஏறிட்டாங்க. இனி நம்ம நிம்மதியா முழுகலாம்."

தண்ணீர் இரண்டு நாளில் வடிந்தது. கட்டில் கால் ஊறிவிட்டது. ஃபிரிட்ஜ் போய்விட்டது. ஸ்பீக்கர்கள் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவற்றைக் கீழே இறக்க ஒரு ஆளைக் கூப்பிட்டு வந்தேன்.

பெட்டியைத் தூக்கிய நான்காம் நாள் காலையில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவள் புடவை நனைந்துவிட்டது. வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

உள்ளே பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டார். "கீழ விழுந்தியாமா? கனமா எதாவது தூக்கினியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "இல்லீங்க மேடம். எதுவும் தூக்கல. எங்க ஊட்டுக்காரு தண்ணிக் கொடம்கூடத் தூக்க உடமாட்டாரு."

டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். குழந்தை தங்கவில்லை என்றார். யார் மேலும் தப்பில்லை, சில சமயம் இப்படி ஆகும், மனசைத் தேற்றிக்கோங்க என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பொய் என்னைக் காப்பாற்றத்தான். ஆனால் டாக்டரம்மா சொன்ன ஆறுதல் அந்தப் பொய்க்குச் சொன்ன ஆறுதல். அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? சில வாரம் கழித்து எங்கள் ஆலை மருத்துவரிடம் தனியாகப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். பெரும்பாலும் கரு சரியாக இல்லாததால்தான் அப்படி ஆகும், ஒரு தடவை பெட்டி தூக்கியதால் ஆகியிருக்காது என்று அவரும் பொறுமையாகவே சொன்னார். கேட்டுக்கொண்டு வந்தேன். படியில் நின்று நான் கத்தியது மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

அவள் இரண்டு மாதம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். வந்த அன்று நான் சொன்னேன். "இதுங்கள யாருக்காச்சும் குடுத்துடறேன்."

"வேணாம்."

"பாக்கும்போதெல்லாம்..."

"வேணாம்னா உடு மாமா. இருக்கட்டும்."

உறையைப் போட்டு மூடினாள். வாரம் ஒரு தடவை உறையைக் கழற்றித் தூசி தட்டி, மறுபடி மூடுவாள். மாமியார் என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். பாட்டு போடச் சொல்லி அவள் கேட்கவில்லை. நானும் போடவில்லை. ஆஸ்பத்திரியிலும் சரி, அதற்கப்புறமும் சரி, அவள் அழுது நான் பார்க்கவில்லை.

ஒரு வருடம் போனபின், என்னோடு வேலை செய்யும் வேறொரு நண்பன் தன் மகளுக்குக் காது குத்தும் விசேஷத்துக்கு ஸ்பீக்கர்களைக் கேட்டான். என்னால் மறுக்க முடியவில்லை. உண்மையில், அவை இரண்டு நாள் வீட்டில் இல்லாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. அவளிடம் கேட்டேன். "பத்திரமா எடுத்துகினு போய் எடுத்துகினு வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பக் கொண்டுவந்தபோது நண்பன் வாசலிலேயே நின்றுவிட்டான். விசேஷத்தில் நாற்காலி அடுக்கு சரிந்து ஒரு பெட்டியின் மேல் விழுந்திருக்கிறது. முன்பக்கத் துணி கிழிந்து, உள்ளே இருந்த காகிதக் கூம்பும் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது.

"மன்னிச்சுக்கோ மச்சான். கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஆயிடிச்சு. நானே செஞ்சு தர்றேன்" என்றான். நான் எப்படிப்பட்டவன் என்று அவனுக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. "பரவால்ல உடு. பொருள்தான" என்றேன்.

சமையலறை வாசலில் அவள் நின்றிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள். நடந்து வந்து அதன் முன் குந்தி உட்கார்ந்து, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் விரலால் சேர்த்துப் பிடித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நண்பன் பயந்துபோய் என்னைப் பார்த்தான்.

"இதையாவது பத்திரமா வெச்சிருக்கக் கூடாதா மாமா?" என்றாள். "இதுக்குத்தான கூப்ட்ட. இதுக்குத்தான நான் வந்தேன். இதையாவது வெச்சிருக்கக் கூடாதா?"

நண்பனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் முதன்முறையாக அதைச் சொன்னேன். "நான் கூப்ட்டிருக்கக் கூடாதும்மா."

"எனக்கு வாய் இல்லையா? வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல. நானும்தான தூக்கினேன்."

அதுவரை என் பங்கை மட்டும்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவளும் அந்தப் படியில் தன் பங்குக்கு ஒரு வருடமாக நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆலை மருத்துவர் சொன்னதை அன்றுதான் அவளிடம் சொன்னேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பிறகு, "அவரு சொல்றது நெஜமா இருக்கும்ல?" என்றாள்.

"இருக்கும்."

"இருக்கும்" என்று அவளும் சொன்னாள். இரண்டு பேருக்குமே நம்பிக்கை வரவில்லை.

கூம்பை மாற்ற ரெட்ஹில்ஸ் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். பழைய அளவு கிடைக்காமல் வேறொன்றை வைத்துத் தந்தார்கள். இப்போது ஒரு பெட்டி ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் பாடுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது கொஞ்ச நேரம் போடுவோம். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாள். பெட்டிப் பக்கம் போவதில்லை. எங்களுக்கு அதற்குப் பிறகு குழந்தை உண்டாகவில்லை.