பிஜி பெண்கள் சமைப்பதில்லை என்று சொன்ன ஆய்வு

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் சமூகவியல் முதலாண்டு படிக்கிறேன். பெங்களூரு பிஜிகளில், அதாவது பேயிங் கெஸ்ட் விடுதிகளில், தங்கும் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

'பிஜி பெண்கள் சமைக்க விரும்புவதில்லை என்கிறது ஓர் ஆய்வு' என்று இணையத்தில் பல இடங்களில் போட்டிருந்தார்கள். எந்த ஆய்வு என்றுதான் யாரும் சொல்லவில்லை.

இன்று எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கேப் வண்டியில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். ஒரு செய்தி ஒரு வலைப்பதிவைக் காட்டியது, அது இன்னொரு பதிவைக் காட்டியது. கடைசியில் போய் நின்ற இடம், ஆடுகோடியில் இருக்கும் ஒரு பிஜியின் ஃபேஸ்புக் பக்கம்!

ஆர்வம் தாங்காமல் அதிலிருந்த எண்ணுக்கு போன் செய்தேன். பிஜி ஓனரம்மா எடுத்தார். அந்த ஆய்வு யாருடையது என்று கேட்டேன்.

"ஹௌதும்மா, ஆமா, நான்தான் எழுதினேன். நம்ம பொண்ணுங்களைக் கேட்டுத்தான் எழுதினேன்."

"என்னன்னு கேட்டீங்க ஆன்ட்டி?"

"ரூம்ல சமைக்கிறீங்களான்னு கேட்டேன். ஒருத்தர் விடாம எல்லாரும் இல்லன்னுட்டாங்க."

"அங்க கிச்சன் இருக்கா?"

"இல்லம்மா. சமைக்கவே விடமாட்டேன். ரூம்ல கெட்டில் இருந்தாகூட எடுத்து வெச்சுக்குவேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதைக் கட்டுரையில எழுதலாமா ஆன்ட்டி?" என்றேன்.

"தாராளமா எழுதும்மா. பிஜி பேரையும் போட்டுடு."

பெயர் போடப்போவதில்லை. ஆனால் கட்டுரைக்குத் தலைப்பு மாறிவிட்டது: கேள்வி கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் எப்படி மாறுகிறது?

பிஜியில் இருக்கும் தோழிகளே, உண்மையில் உங்களுக்குச் சமைக்க ஆசை உண்டா? உங்கள் ஓனர் உங்கள் நண்பர்கள் பட்டியலில் இல்லையென்றால் மட்டும் கமென்ட்டில் சொல்லுங்கள்.