இருபத்திரண்டாவது நிறுத்தம்

எங்கள் டிப்போவில் அவருக்கு விசில் அண்ணன் என்றுதான் பெயர். முப்பத்தொரு வருஷம் கண்டக்டர் வேலை, அதில் கடைசிப் பதினோரு வருஷம் என் வண்டியில். நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் வண்டி நிற்க வேண்டும், அவர் எட்டிப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் விசில். எங்கள் டிப்போவின் விதி அது. மற்றவர்கள் எல்லோரும் அதைக் காற்றில் பறக்கவிட்டிருந்தார்கள். ஒருநாள் நான் ஆளில்லாத நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டேன் என்று அரைநாள் என்னோடு பேசவில்லை.

பேசாமல் இருப்பதில் அவர் பெரிய ஆள். தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே மகள், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போனாள். "இனிமே நீ யாரோ நான் யாரோ" என்று சொல்லிவிட்டு, ஆறு வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். அவள் போன் பண்ணினால் எடுக்கமாட்டார். மணி அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எடுங்க அண்ணே என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன், செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்த வீம்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு மருமகன் என் போனுக்குக் கூப்பிட்டான். அவளுக்கு ரத்தத்தில் ஏதோ நோய், டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் நேரே வீட்டுக்குப் போய், பீரோவில் துணிக்கு அடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்தார். நாலு வருஷத்துக்கு முன்பே எடுத்து வைத்திருக்கிறார் மனுஷர். எனக்கு வந்த கோபத்தில் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விசா, டிக்கெட் வேலையைப் பார்க்கக் கிளம்பினேன்.

வழியனுப்பப் போனபோது, "அங்க போய் என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"சொன்னதத் திரும்ப வாங்கிக்கணும் தம்பி. அது ஒண்ணுதான்."

அவர் இறங்கிய அன்று காலை அந்த ஊரில் ரயில் ஓடவில்லை, வேலைநிறுத்தம். ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாத மருமகன் போனில் வழி சொன்னான்.

"மாமா, எப்படியாவது ஊருக்குள்ள வந்துருங்க. அங்கேருந்து முப்பத்தாறாம் நம்பர் பஸ்ஸு. சரியா இருபத்திரெண்டாவது ஸ்டாப்பு. ஸ்டாப்பு பேரு உங்களுக்கு வாயில நுழையாது, எண்ணிக்கிட்டே வாங்க."

"பஸ்ஸப் பத்தி எனக்கே பாடமாப்பா?" என்றாராம் அண்ணன். அதோடு போனில் சார்ஜ் தீர்ந்தது.

பாஷை தெரியாது. விமான நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் வேலை முடிந்து ஒரு வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவரும் பையோடு வரிசையில் நின்று ஏறிவிட்டார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஊருக்குள் இறங்கியதும் பசி காதை அடைத்தது. விமானத்தில் கொடுத்த பன் ஒன்று சட்டைப்பையில் கல்லாகக் கிடந்தது. பஸ் நிலையக் குழாயில் அதை நனைத்து, ஒரு டீக்கடை மேஜையில் கிடந்த சர்க்கரைப் பொட்டலத்தைக் கொட்டி, நின்றபடியே தின்றார்.

முப்பத்தாறாம் நம்பர் வந்தது. பணத்தை வாங்கிச் சீட்டைக் கொடுத்தவரே வண்டியையும் ஓட்டினார். "கண்டக்டர் இல்லாத பஸ்ஸு தம்பி, பாக்கவே பாவமா இருந்துச்சு" என்றார் என்னிடம். சும்மா உட்கார முடியுமா அவரால்? கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். வண்டி நிற்க நிற்க விரலை மடக்கி எண்ணினார்.

அங்கேதான் கோட்டைவிட்டார். இறங்க ஆளிருந்து பொத்தானை அழுத்தினாலோ, ஏற ஆள் நின்றாலோதான் அந்த ஊரில் பஸ் நிற்கும். இல்லாவிட்டால் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். வேறு யாராக இருந்தாலும் பக்கத்தில் ஒருவரிடம் சைகையிலாவது கேட்டிருப்பார்கள். நிற்காமல் போகிற நிறுத்தமும் கணக்கில் உண்டு என்பது இவருக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தொரு வருஷத்தில், நான் தாண்டிப் போன அந்த ஒன்றைத் தவிர, அப்படி ஒரு நிறுத்தத்தை அவர் பார்த்ததில்லையே.

பதின்மூன்று என்று அவர் எண்ணிய இடத்தில், கையில் கட்டுப் போட்ட கிழவர் ஒருவர் இறங்கத் தடுமாறினார். அண்ணன் அவர் தோளைத் தாங்கி, "பாத்து இறங்குங்க, அவசரமில்ல" என்று தமிழிலேயே சொல்லித் தரையில் விட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். எதிரே பெரிய வெள்ளைக் கட்டடம். அதுதான் அந்த ஆஸ்பத்திரி. அப்போது மணி ஒன்று.

அவருடைய இருபத்திரண்டு முடிந்தபோது வண்டி ஊரைத் தாண்டி, கிடங்குகளுக்கு நடுவே நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மருமகன் பேசும்போது எழுதிக்கொண்ட சீட்டை டிரைவரிடம் காட்டியிருக்கிறார். தமிழில் எழுதிய சீட்டு, அவன் என்ன செய்வான்? ஊசி போடுவதுபோல் தன் கையில் குத்திக் காட்டியதும்தான் புரிந்து, வந்த வழியையே கையைக் காட்டினான். அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம். அண்ணன் காத்திருக்கவில்லை, நடந்தார். நடந்துகொண்டே லாரிகளுக்கெல்லாம் கை காட்டினார். ஒரு மணி நேரம் கழித்து, முட்டை ஏற்றிப்போன வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தினார். அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து அவித்த முட்டை ஒன்றை உரித்து நீட்டினாராம். அதை வாங்கி உள்ளங்கையிலேயே வைத்திருந்தார், தின்ன முடியவில்லை. வழியில் ஒவ்வொரு கடையிலும் சரக்கு இறக்கியபடி வண்டி போனது.

வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

மாடிக்கு ஓடியபோது மணி நாலேகால். நாலு மணிக்கு உயிர் போயிருந்தது. முகத்தை மூடவில்லை, இவருக்காக விட்டிருந்தார்கள்.

மருமகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மூணு மணிக்கு முழிச்சா மாமா. அப்பா எங்கேன்னு கேட்டா. பஸ்ல வர்றாருன்னு சொன்னேன். 'பஸ்லயா, அப்ப வந்துருவாரு, அவருக்கா ஸ்டாப்பு தெரியாது'ன்னு சிரிச்சா. அப்படியே கண்ண மூடினவ, அப்புறம் முழிக்கவே இல்ல."

திரும்பி வந்து வேலையில் சேர்ந்த முதல் நாள், கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியானதும், என் சீட்டுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் சொன்னார். எனக்குத் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மருமகன்கிட்ட எண்ணினதப் பத்தி நான் எதுவும் சொல்லல தம்பி" என்றார். "பஸ்ஸு லேட்டுன்னு சொல்லிட்டேன்."