ஃபாரத்தில் பூசிய சந்தனம்

நான் வேலை பார்த்த பத்திரிகை அச்சகத்துக்கு அம்மாவை ஒரே ஒரு தடவைதான் கூட்டிப்போனேன். சரஸ்வதி பூஜை அன்று. மிஷின் ஓடாத நாள், வீட்டு மனுஷர்கள் வந்து பார்க்கலாம். நானாக அம்மாவைக் கூப்பிடவில்லை. அப்பா போனதிலிருந்து விசேஷம் என்று எந்த வீட்டு வாசலையும் அவள் மிதித்ததில்லை. எங்கள் கரமனை அக்கிரகாரத் தெருவில் விடவும் மாட்டார்கள். என் மனைவிதான் பிடிவாதம் பிடித்து அவளையும் கிளப்பினாள்.

மிஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். மறுநாள் பத்திரிகையின் பக்கத்தைப் பூஜைக்கு முந்தின நாளே கோத்து, ஈய எழுத்துகளை இரும்புச் சட்டத்தில் முடுக்கி மேஜைமேல் வைத்திருந்தார்கள். ஃபாரம் என்போம். அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். எங்கள் போர்மேன் மலையாளி, தங்கமான மனுஷர். எங்கள் தெருவின் சட்டதிட்டமெல்லாம் அவருக்கு என்ன தெரியும்? சந்தனக் கிண்ணத்தை நேரே அவளிடம் நீட்டி, ஃபாரத்தைக் காட்டினார்.

"அம்மா இதிலே ஒரு பொட்டு இடணும், கேட்டோ."

அம்மா என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன். ஒரு பொட்டோடு நிற்பாளா? ஸ்வாமிக்குச் சாத்துகிற மாதிரி ஃபாரம் முழுக்கப் பூசிவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் தடுப்பது?

மறுநாள் விடியற்காலை அச்சேற்றப் போனால், எழுத்து இடுக்கெல்லாம் சந்தனம் இறுகிக் கிடந்தது. கழுவியும் போகாமல், எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர்கள் ஊசியால் நோண்டினார்கள். காலைப் பத்திரிகை மத்தியானம் வெளிவந்தது. முதலாளியிடம் நான் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, இலையில் உட்கார்ந்ததுமே அம்மாவிடம் கொட்டினேன், பாழாய்ப்போன வாய்.

"எல்லாம் உன் சந்தனத்தால வந்த வினை."

அவள் பரிமாறுவதை நிறுத்தினாள்.

"என் கை பட்டதனாலயாடா?"

"ஐயோ, இல்லேம்மா. யார் பூசினாலும் காஞ்சா பிடிச்சுக்கத்தான் செய்யும். உன் கைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

கொஞ்ச நேரம் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ அடுத்த வருஷமும் நான் வரலாமோல்லியோ?"

"பார்க்கலாம்மா" என்றேன்.

அவள் ரசத்தை இலையில் விட்டாள். அடுத்த வருஷப் பூஜைக்கு நான் சட்டை மாட்டும்போது, நான் எதுவும் கேட்காமலே, "நேக்கு முழங்கால் வலிடா, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கோ" என்றாள். நாங்களும் போய்விட்டு வந்தோம்.